பனங்குத்தி இடிச்ச மூக்கு

போன வைகாசி, சோளகக் காத்துப் பிடிச்ச நேரம். கடையில ஒரு கலியாண அழைப்புக் காட்டின்ர புரூப்பை மாப்பிள்ளை வீட்டு ஆக்களுக்குக் காட்டிக்கொண்டு நிக்கிறன். தாயும் தமக்கையும் வந்திருக்கினம். "முகூர்த்த நேரத்தை ஒருக்கா வடிவாப் பாருங்கோ அன்ரி, பேந்து மாத்தேலாது" எண்டு சொல்லி நானும் குனிஞ்சன். பிள்ளையார் படத்துக்குக் கீழ, 'நிகழும் மங்களகரமான' எண்ட வரியில, டப் எண்டு ஒரு சொட்டு. நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கயே இன்னொண்டு. மங்களகரத்தில ஒரு 'க'வைக் காணேல்ல.

அந்த அன்ரியின்ர முகம் போன போக்கை நான் எழுதத் தேவையில்லை, கலியாண வீடு செய்த ஆக்களுக்குத் தெரியும். மகள்காரிதான் "அண்ணா மூக்கு, மூக்கு" எண்டு தன்ர லேஞ்சியை நீட்டினவா. அதுவரைக்கும் எனக்கு ரத்தம் வாறதே தெரியாது. பிறகு அவை காட் எங்களிட்டத்தான் அடிச்சவை, ஆனா வேற டிசைன், சிவப்பே இல்லாததா வேணுமாம். யாழ்ப்பாணத்தில சிவப்பில்லாமல் ஒரு கலியாணக் காட் தேடிக் குடுத்த பெருமை என்ர மூக்குக்குத்தான்.

எனக்கு வேலை அச்சகத்தில. இஞ்ச அச்சகம் எண்டா ரெண்டு சாமானிலதான் சீவியம், ஒண்டு கலியாணக் காட், மற்றது அந்தியேட்டிக் கல்வெட்டு, செத்த ஆக்களுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகம். கல்வெட்டில விழுந்திருந்தா ஒருவேளை பொருத்தமா இருந்திருக்கும். மெசின் இருக்கிற அறை முழுநாளும் ஏசி, பேப்பர்த் தூசி வேற, வெளிய வந்தா சோளகம் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில எத்துது, இதுக்குள்ள என்ர மூக்கு எப்பிடி ஈரமா இருக்கும் சொல்லுங்கோ.

மூக்கால ரத்தம் வாறது எனக்குப் புதுசில்லை, 35 வருசமா வருது. ஆனா அது வாறது தெரியாமல் நிக்கிறன் பாருங்கோ, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. வலப்பக்கம், கண்ணுக்குக் கீழ துவங்கி மூக்கின்ர கரை, மேல் சொண்டு வரைக்கும் எனக்கு உணர்ச்சி சரியா இல்லை. முழு விறைப்பு எண்டும் சொல்லேலாது. பல்லுப் புடுங்கப் போட்ட ஊசி முக்கால்வாசி விட்டு மிச்சம் விடாமல் நிண்டா எப்பிடி இருக்கும், அப்பிடி. சேவ் எடுக்கேக்க அந்தப் பக்கம் வேற ஆரோ ஒராளின்ர கன்னத்தை வழிக்கிற மாதிரித்தான். வெட்டினாலும் கண்ணாடியில ரத்தத்தைக் கண்ட பிறகுதான் தெரியும். சாப்பிடேக்க சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தாத் தெரியாது. மகள் சின்னனா இருக்கேக்க "அப்பா சோறு" எண்டு விரலாலயே எடுத்துவிடுவாள், இப்ப வளந்திட்டாள், ஆக்களுக்கு முன்னால சொல்லக் கூச்சம், தன்ர கன்னத்தை ரெண்டுதரம் தட்டிக் காட்டுவாள். அதுதான் எங்கட வீட்டுச் சிக்னல்.

கன்ன எலும்பில கண்ணுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதுக்குள்ளால ஒரு நரம்பு வெளிய வந்து கீழ் இமை, மூக்கின்ர பக்கம், மேல் சொண்டு எண்டு பிரிஞ்சு போகுது. அந்த எலும்பில பலமா அடிபட்டா நரம்பும் நசியும். சில ஆக்களுக்கு சில மாசத்தில திரும்ப வரும், எனக்கு வரேல்ல. இதை எனக்கு ஒராள் படம் கீறி விளங்கப்படுத்தேக்க எனக்கு வயசு 39. அடிபட்டது 11 வயசில.

அடிபட்ட கதையைச் சொல்லுறதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். என்ர முகத்தைப் பாக்கிற ஆக்கள், கன்னத்துத் தழும்பையும் வலப்பக்கம் கொஞ்சம் ஒருக்களிச்ச மூக்கையும் கண்டிட்டு, என்ர வயசையும் மனசுக்குள்ள கணக்குப் பாத்து, சண்டையில பட்டதாக்கும் எண்டு குரலைத் தாழ்த்தி "செல்லோ?" எண்டு கேப்பினம். நான் இல்லை எண்டுவன். "பொம்பரோ?" அதுக்கும் இல்லை எண்டா அவைக்கு ஒரு ஏமாற்றம்தான். ஓம் எண்டு சொல்லிட்டுப் போகலாம், கன நாள் யோசிச்சிருக்கிறன், ஆனா வாய் வராது.

1990, ஆவணி. சண்டை திரும்பத் தொடங்கி ரெண்டு மாசம், யாழ்ப்பாணக் கோட்டையைச் சுத்தி அடிபாடு, கரண்ட் இல்லை, பள்ளிக்கூடம் இருந்தும் இல்லை. எங்கட வளவில அப்பா வெட்டின பங்கர் 'எல்' வடிவம், மேல பனைமரத்தைத் துண்டாக்கின பனங்குத்தி அடுக்கி அதுக்கு மேல உரப்பையில மண் கட்டிப் போட்டது. குத்தியள் அளவா வெட்டேல்ல, வாசல் பக்கம் ஒண்டு ஒரு முழம் வெளிய நீட்டிக்கொண்டு நிண்டது. அதை வெட்டவேணும் வெட்டவேணும் எண்டு அம்மா சொல்லிக்கொண்டே இருந்தவா.

அண்டைக்கு அம்மம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டவா. மா கிடைக்கிறதே பெரிய பாடு, எண்ணெய் அதைவிட, எங்கயோ ஒளிச்சு வச்ச ஒரு போத்திலில கொஞ்சத்தை எடுத்து, பனம்பழம் சும்மா விழுந்து கிடக்கிற காலம் எண்டபடியா சுட்டவா. நான் ரெண்டு கையிலயும் மூண்டு மூண்டு வச்சுக்கொண்டு மாமரத்தடியில நிக்கிறன். குண்டு போடுற சியாமாசெட்டிப் பிளேனின்ர சத்தம் கேட்டுது. "ஓடுங்கோடா" எண்டு அப்பா கத்தினார். ஓடினன். பணியாரத்தைப் போட்டிட்டு ஓடியிருக்கலாம். போடேல்ல. பங்கர் வாசலில குனிஞ்சு கையை ஊண்டி இறங்கவேணும், எனக்கு ஊண்டக் கை இல்லை, நேரா முகத்தைக் கொண்டுபோய் அந்த நீட்டின பனங்குத்தியில குடுத்தன்.

குண்டு விழுந்தது ரெண்டு மைலுக்கு அங்கால. எங்கட வளவில ஒரு இலை ஆடேல்ல.

பனங்குத்தியால அடிபட்டு பனங்காய்ப் பணியாரத்தோட பங்கருக்க விழுந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பன். தம்பி இப்பவும் வெளிநாட்டில இருந்து போன் எடுத்தா "கற்பகதரு எப்பிடி இருக்கிறார்" எண்டுதான் கேப்பான், பனைக்கு எங்கட ஆக்கள் சொல்லுற பெயர் அது.

அப்பா என்னைச் சைக்கிள் பாரில வச்சு உழக்கினார். வழி முழுக்க "அண்ணாந்து பாரடா, அண்ணாந்து பார், ரத்தம் கீழ வடியாது" எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர், நானும் வானத்தைப் பாத்தபடி இருந்தன். வெளிய வடியேல்லத்தான், எல்லாம் உள்ளுக்குப் போச்சு. பாதி வழியில கான்டிலுக்கு மேலயே சத்தி எடுத்தன், கறுப்பா, கட்டி கட்டியா. அப்பா அதைக் கண்டு குடலிலயும் காயமாக்கும் எண்டு பயந்து இன்னும் வேகமா உழக்கினார். வயித்துக்க போன ரத்தம் வயித்தைப் புரட்டி அப்பிடித்தான் வெளிய வரும் எண்டு அவருக்கு ஆர் சொல்லியிருக்கினம்?

கொண்டுபோன இடத்தில வராந்தா முழுக்க ஆக்கள். எனக்குப் பக்கத்தில சாக்கில ஒராள் படுத்திருந்தார், ஒரு பாதம் இல்லை, கட்டின சீலை ஊறிப்போய்க் கிடக்கு, ஆள் முனகவும் இல்லை. அப்பா அவரைப் பாத்தார், என்னைப் பாத்தார், "உனக்கு ஒண்டுமில்லையடா" எண்டார். பயம் தெளிஞ்சு நிம்மதியில சொன்ன சொல்லு அது. கன்னத்தில மூண்டு தையல் போட்டு, வீக்கம் வத்த மூக்கு தானாச் சரிவரும் எண்டு சொல்லி விட்டவை. அவையில பிழை சொல்ல மாட்டன். அந்த வராந்தாவில என்ர மூக்குக்கு ஆர் நேரம் வச்சிருந்தது?

பிறகு படிச்சுத் தெரிஞ்சுகொண்டது என்னெண்டா, மூக்கு எலும்பு விலகினா முதல் நாள் வீக்கத்தில ஒண்டும் விளங்காது, நாலஞ்சு நாள் கழிச்சு வீக்கம் வத்தப் பாத்து, ரெண்டு கிழமைக்குள்ள நிமித்திவிடவேணும், சின்னப் பிள்ளையளுக்கு இன்னும் கெதியா, ஏனெண்டா பொருந்திப்போயிடும். இன்னொண்டு, பிள்ளையளின்ர மூக்கில பலமா அடிபட்டா, ரத்தம் நிண்டாலும் உள்ளுக்க ஒருக்கா லைட் அடிச்சுப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. நடுத்தண்டுக்கு மேல ரத்தம் தேங்கி சிவப்பா பொம்மி நிண்டா உடன எடுக்கவேணும், விட்டா குருத்தெலும்பு செத்து மூக்கு நடுவில இறங்கிப்போயிடும். எனக்கு அது நடக்கேல்ல, தப்பிட்டன். ஆனா நடுத்தண்டு கோணலாப் பொருந்தி, நான் வளர வளர அதுவும் தன்ர பாட்டில கோணலாவே வளந்துது.

அதுக்குப் பிறகு 'உனக்கு ஒண்டுமில்லை' எண்டது என்ர வீட்டுப் பெயர் மாதிரி ஆச்சு. மாசத்தில ரெண்டுதரம், சோளகத்துக்கு நாலஞ்சுதரம், வலப்பக்க மூக்கால ஓடும். வகுப்பில, கிணத்தடியில, கோயிலில அர்ச்சனைத் தட்டோட நிக்கேக்க. அம்மம்மா அதுக்கு சில்லுமூக்கு எண்டு பெயர் வச்சு, சூடுதான் காரணம் எண்டு தீர்ப்பும் குடுத்திட்டா. மாம்பழம் சூடு, முட்டை சூடு, பிலாப்பழம் படுசூடு. அறுகம்புல்லை இடிச்சுச் சாறு, மாதுளம்பூச் சாறு, தலையில ரெண்டு வாளித் தண்ணி, மூக்கில நசிச்ச வெங்காயம். நான் இதுகளைப் பகிடி பண்ணேல்ல. ஆனா இப்ப யோசிக்க ஒண்டு விளங்குது, கன மூக்கு ரத்தம் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில தானாவே நிண்டிடும், அந்த நேரத்தில ஆரின்ர கையில வெங்காயம் இருந்துதோ அவருக்குப் பெயர் போகும். அம்மம்மாவின்ர வெங்காயத்துக்கு இருந்த மரியாதை எங்கட ஊரில எந்தப் பரியாரிக்கும் இருக்கேல்ல.

என்ர மூக்கு ஒரே ஒருக்காத்தான் உபகாரம் செய்தது. 1995, ஐப்பசி 30, ஆமி முன்னேற யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு. நாவற்குழிப் பக்கம் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம், மழை வேற, சைக்கிளில கட்டின சாமானோட சனம் சனத்துக்கு மேல. எனக்கு 16 வயசு. அந்த நெரிசலுக்க ஆரோ ஒராளின்ர முழங்கை பட்டு மூக்கு உடைஞ்சுது, மழைத்தண்ணியோட கலந்து சேட் முழுக்கச் சிவப்பு. முன்னால நிண்ட ஒரு ஆச்சி திரும்பிப் பாத்திட்டு "ஐயோ பிள்ளைக்குச் செல் பட்டிட்டுது, விலத்துங்கோ" எண்டு கத்தினா. சனம் விலத்தினது. நான் இல்லை எண்டு சொல்ல வாயைத் திறந்தன், அம்மா என்ர கையை இறுக்கிப் பிடிச்சா, நாங்கள் ஒரு இருபது யார் முன்னுக்குப் போனம். அந்த இருபது யார் இப்பவும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு.

பேந்து கொழும்பில ஒரு செக்பொயின்ற்றில அதே தழும்பைக் காட்டி எங்க பட்டது, எப்பிடிப் பட்டது எண்டு ரெண்டு மணித்தியாலம் கேட்டவை. பனங்குத்தி எண்டதை எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில சொன்னன், பணியாரத்துக்குச் சொல்லு வரேல்ல. அவை நம்பேல்ல. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டன்.

இப்பிடியே போயிருக்கும், 2018இல ஒரு இரவு வந்திராட்டி. ஒரு மணி இருக்கும், நித்திரையில தொண்டைக்க ஏதோ சூடா இறங்குது, எழும்பி லைட்டைப் போட்டா தலகாணி நனைஞ்சு கிடக்கு. வழமை போல அண்ணாந்து படுத்தன். மனிசி ஐஸ் கொண்டு வந்தா, மாமி தேசிக்காய் கொண்டு வந்தா, ஏன் தேசிக்காய் எண்டு இண்டைக்கும் தெரியாது. முக்கால் மணித்தியாலமாகியும் நிக்கேல்ல. சத்தி எடுத்தன், அதே கறுப்பு. ஓட்டோ பிடிச்சுப் போனம், ஓட்டோக்காரத் தம்பி சீற்றைப் பாத்துப் பாத்து ஓடினார், அவரிலயும் பிழையில்லை.

அங்க நிண்டது ஒரு சின்னப் பிள்ளை டொக்டர், என்ர மகளைவிடப் பத்து வயசு கூட இருந்தாப் பெரிசு. நான் அண்ணாந்துகொண்டு போறன், அவா முதல் செய்த வேலை என்ர பிடரியில கையை வச்சு முன்னுக்குக் குனியப் பண்ணினது. "அண்ணா, எங்க பிடிக்கிறனீங்கள்?" எண்டு கேட்டா. நான் மூக்கின்ர மேல் எலும்பை, கண்ணாடி நிக்கிற இடத்தைப் பிடிச்சுக் காட்டினன். "அது எலும்பு. எலும்பை எவ்வளவு நசிச்சாலும் உள்ளுக்க ஒண்டும் நசியாது" எண்டிட்டு, கீழ மெத்தெண்ட பகுதியை, ரெண்டு துவாரமும் மூடுப்பட, பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் பிடிச்சா. "வாயால மூச்செடுங்கோ, வாயுக்க வாறதை விழுங்காதேங்கோ, இந்தக் கோப்பையில துப்புங்கோ. பதினைஞ்சு நிமிசம். நடுவில விட்டுப் பாக்கக் கூடாது."

நடுவில விட்டுப் பாக்கக் கூடாது! 28 வருசமா நான் செய்தது முழுக்க அதுதான், அரை நிமிசத்துக்கு ஒருக்கா கையை எடுத்து நிண்டிட்டுதோ எண்டு பாக்கிறது, உறைய வந்த ரத்தத்தை நானே உடைச்சு விடுறது.

அண்டைக்கு அதாலயும் நிக்கேல்ல, கடந்துபோச்சு. பிறகு காஞ்ச ஸ்பொஞ் மாதிரி ஒரு கட்டியை மூக்குக்க தள்ளினவை, அது ஈரம் பட்டவுடன ஊதி உள்ளுக்க இறுக்கிக்கொண்டு நிண்டிடும். ரெண்டு நாள் அதோட கிடந்தன். கழட்டேக்க நேர்ஸ் மிசி "ஒண்டுமில்லை ஐயா, கண்ணை மூடுங்கோ" எண்டு சொல்லி இழுத்தவா, மூளையில பாதி வந்த மாதிரி இருந்தது, கண்ணீர் தன்ர பாட்டில ஓடுது.

கிளினிக்கிலதான் எனக்கு என்ர மூக்கை ஒராள் முதல் முதலா விளங்கப்படுத்தினது. பத்தில ஒம்பது மூக்கு ரத்தம் முன்பக்கத்திலதான் வாறது, ரெண்டு துவாரத்துக்கும் நடுவில இருக்கிற தண்டில, விரல் நுனி எட்டுற இடம். நாலஞ்சு ரத்தக் குழாய் வேற வேற திசையால வந்து அதில சந்திக்குது. எங்கட வெங்காயத் தோட்டத்தில வாய்க்காலுகள் சேருற மூலையை நினைச்சுப் பாருங்கோ, எங்க வரம்பு உடைஞ்சாலும் தண்ணி அங்கதான் வரும். லிட்டில் எண்ட அமெரிக்க டொக்டர் 1879இல நாலு நோயாளியளை வச்சு அதைப்பற்றி எழுதினவராம், அவற்ற பெயர்தான் அந்த இடத்துக்கு. மேல இருக்கிற தோல் சவ்வு மாதிரி மெல்லிசு, காஞ்சா வெடிக்கும்.

என்ர கேசில கோணல் தண்டு வலப்பக்கத்தை ஒடுக்கிப்போட்டுது. ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளால காத்து வந்தா எப்பிடி விசிறி அடிக்கும், அப்பிடி, மூச்செடுக்கிற ஒவ்வொருக்காவும் காத்து அந்த ஒரு இடத்திலயே போய் மோதி அதைக் காயப்பண்ணுது. காஞ்சாப் பொருக்கு. பொருக்கு வந்தா விரல் போகும். எழுத வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா மூக்கு ரத்தத்தைப் பற்றி எழுதிப்போட்டு விரலைப் பற்றி எழுதாமல் விட்டா அது பொய். டொக்டர் கேட்டா, நான் இல்லை எண்டன், அவா என்ர சுட்டுவிரல் நகத்தைப் பாத்தா, நான் ஓம் எண்டன்.

முதல் பிரஷர் பாத்தவை, ரத்தம் எடுத்து உறையிற சோதனை செய்தவை, என்ன குளிசை போடுறன் எண்டு கேட்டவை. பிறகு பஞ்சில விறைக்கிற மருந்து வச்சு, ஒரு குச்சியின்ர நுனியில சில்வர் நைற்றேற், அதால அந்த இடத்தைத் தொட்டுச் சுட்டவை. நெருப்புச் சூடில்லை, மருந்துச் சூடு. தும்மல் வரும், கண் எரியும், தொட்ட இடம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். வலப்பக்கம் மட்டும். ரெண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில ஒரே நாளில சுட்டா நடுத்தண்டுக்கு ரெண்டு பக்கத்தாலயும் ரத்தம் போகாமல் ஓட்டை விழக்கூடுமாம்.

அண்டைக்கு கிளினிக் வாங்கில எனக்குப் பக்கத்தில ஒரு அக்கா இருந்தவா. நாடியிலயும் கன்னத்திலயும் தழும்பு, வாய் முழுசாத் திறக்காது. "தம்பிக்கு எங்க பட்டது" எண்டு கேட்டா. நான் பனங்குத்திக் கதையைச் சொன்னன், சொல்லிப்போட்டு "எனக்கு ஒண்டுமில்லை அக்கா" எண்டன், பழக்கதோசம். அவாவுக்கு கன்னத்துக்க இன்னும் பீஸ், வெடிச்ச இரும்புத் துண்டு, இருக்காம், காதுக்குக் கிட்ட, எடுத்தா முகம் கோணிப்போகக்கூடும் எண்டு விட்டவையாம். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி வேற ஒரு இடத்தில எழுதிக் குடுத்து, படுக்கிறதுக்கு முதல் "உள்ளுக்க இரும்பு ஏதும் இருக்கோ" எண்டு கேக்க, ஓம் எண்டு சொல்லி எழும்பி வந்தவாவாம். அந்த மெசின் பெரிய காந்தம், இரும்புத் துண்டை அசைக்கக்கூடும், சூடாக்கக்கூடும். இஞ்ச என்ர வயசு ஆக்கள் எவருக்கும் அந்தக் கேள்வியை ஒருக்காலும் கேக்காமல் விடக்கூடாது, கேக்க மறந்தா நாங்களே முந்திச் சொல்லவேணும். பழைய பீஸ் இருக்கிறது சில பேருக்கே தெரியாது, எக்ஸ்ரே எடுக்கேக்கதான் வெள்ளையாத் தெரியும்.

அக்கா சொன்னா, "எனக்கு முகத்தைப் பாத்தா ஆக்கள் இரக்கப்படுவினம், அதை வச்சு ஒருக்காலும் மூச்சு சுகமா வந்ததில்லை. உங்களுக்கும் மூச்சு வரேல்லத்தானே, பேந்தென்ன." நம்பர் கூப்பிட்டவை, எழும்பிப் போயிட்டா.

சுட்ட பிறகு ரெண்டு வருசம் நல்லா இருந்தது, பிறகு திரும்ப வந்துது, ஆனா முந்தின மாதிரி இல்லை. காலமையும் இரவும் உப்புத்தண்ணி. ஒரு கப் தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. தண்ணி கொதிக்க வச்சு ஆறினதா இருக்கவேணும். எங்கட கிணத்துத் தண்ணி அமிர்தம் எண்டு நேரா மூக்குக்க விடுற வேலை வேண்டாம், குடிச்சா வயித்தில சாகிற கிருமி மூக்கால போனா வேற மாதிரி. அதுக்குப் பிறகு டொக்டர் தந்த ஜெல்லை சின்ன விரல் நுனியால வாசலில மட்டும் பூசுறது. தூசி அலேர்ஜிக்கு அடிக்கிற ஸ்பிறேயும் எனக்கு இருக்கு, அதை நான் நேரா நடுத்தண்டில அடிச்சு அதுவே ரத்தத்துக்கு ஒரு காரணமா இருந்திருக்கு. வலக்கையால இடப்பக்கத் துவாரத்துக்கும் இடக்கையால வலப்பக்கத்துக்கும் அடிச்சுப் பாருங்கோ, நுனி தானாக் காதுப் பக்கம் திரும்பும். இவ்வளவு சின்ன விசயம், பெட்டிக்குள்ள இருந்த கடதாசியை நான் வாசிக்கேல்ல. நாளுக்கு ஆயிரம் கடதாசி அடிக்கிறவன்.

ரத்தம் நிண்ட பிறகு ஒரு நாளைக்கு மூக்குச் சிந்தப்படாது, பாரம் தூக்கப்படாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மவேணும், சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்கப்படாது. கடைசிச் சொன்னதுதான் கஷ்டம். ஆறின தேத்தண்ணியைக் குடிக்கிறதுக்குக் குடிக்காமலே விடலாம்.

மாரியில வேற கதை. மழை விட்டு டெங்கு பரவுற காலத்தில காய்ச்சலோட மூக்கால ரத்தம் வந்தா இந்த நசிக்கிற வேலையோட வீட்டில இருக்காதேங்கோ, நேர ஆஸ்பத்திரி. அஸ்பிரினும் புறூபனும் தொடவே வேண்டாம். அதைப்போல பெடியள், பதின்மூண்டு பதினாலு வயசில ஒரு பக்க மூக்கு அடைச்சு அதாலயே திரும்பத் திரும்ப ரத்தம் வந்தா, சூடு எண்டு இளநி குடுத்துக்கொண்டு இருக்காமல் உள்ளுக்க ஒரு கமராவை விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, பெரும்பாலும் அந்த வயசுப் பெடியளுக்கு வாற ஒரு கட்டி இருக்கு.

நடுத்தண்டை நிமித்துற ஒப்பரேசன் செய்யலாம் எண்டும் சொன்னவை. வெளிய வெட்டுக் காயம் இல்லை, உள்ளுக்காலதான், மயக்கம் குடுத்து. மூச்சு சுகப்படும், ரத்தம் முழுசா நிக்கும் எண்டு உத்தரவாதம் தரேலாது, கன்னத்து விறைப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, அது இனி வராது. நேர்மையாச் சொன்னவை எண்டபடியா எனக்குப் பிடிச்சுது. நான் இன்னும் முடிவெடுக்கேல்ல. மனிசி செய்யுங்கோ எண்டுறா, குறட்டைதான் அவாவின்ர பிரச்சினை.

இதை இப்ப எழுத வெளிக்கிட்டது அந்தக் கலியாணக் காட்டால இல்லை, அப்பாவால. அவருக்கு 81. இதயத்துக்கு அஸ்பிரின் போடுறவர். போன ஞாயிறு பின்னேரம் விறாந்தையில சாய்மனைக் கதிரையில இருந்து பேப்பர் வாசிச்சவர், பேப்பர் கீழ விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போனன், மூக்கால ஓடுது, மனுசன் கதிரையில அண்ணாந்து முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். 35 வருசத்துக்கு முதல் எனக்குச் சொன்னதைத் தனக்கும் செய்யிறார்.

பிடரியில கை வச்சு முன்னுக்குக் குனிய வச்சன். மகள் சருவச்சட்டியும் போனும் கொண்டு வந்தாள், போனில பதினைஞ்சு நிமிசம் வச்சாள். நான் அப்பாவின்ர மூக்கைப் பிடிச்சன். நான் அறிய அவற்ற முகத்தில நான் கை வச்சது அதுதான் முதல்தரம், தோல் கடதாசி மாதிரி. ரெண்டு நிமிசத்தில "விடு பாப்பம், நிண்டிருக்கும்" எண்டு மூக்கடைச்ச குரலில சொன்னார். விடேல்ல. துப்பச் சொன்னன், துப்பினார். சருவச்சட்டியைப் பாத்திட்டுப் பயந்த மாதிரி என்னைப் பாத்தார். நானும் அவருக்குச் சொல்லப்போனன், உங்களுக்கு ஒண்டுமில்லை அப்பா எண்டு, பிறகு சொல்லேல்ல. "முடிய ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷரைப் பாப்பம். அஸ்பிரினை நீங்களா நிப்பாட்டக் கூடாது, அவை சொன்னாத்தான்" எண்டன்.

முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம்தான். குனிஞ்சபடி கண்ணை மட்டும் மேல எடுத்து என்ர மூக்கையே கன நேரம் பாத்துக்கொண்டு இருந்தார்.

"அந்தக் குத்தியை அண்டைக்கே வெட்டியிருக்கலாம்" எண்டார். "கொம்மா சொன்னவ."

"கதையாதேங்கோ அப்பா" எண்டன். மகள் போனைத் திருப்பிக் காட்டினாள். இன்னும் ஆறு நிமிசம் கிடந்துது.